ஜூவனைல் என்று எழுதிய பிழை

பாரதி பூங்காவில் காலை நடை முடிந்ததும் ஆயி மண்டபம் தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் உட்காருவது வழக்கம். போன வாரம் அங்கே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த நண்பர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், செல்போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதுல கிராமர் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. பையனுக்கு அனுப்பணும்" என்றார்.

அவருடைய பையனுக்கு 27 வயது. பெங்களூரில் நல்ல வங்கி வேலை. அதை விட்டுவிட்டுத் தச்சுப் பட்டறை வைக்கப் போகிறேன் என்கிறானாம். அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டுவிட்டது. தமிழில் பேசினால் சண்டை வரும் என்று இங்கிலீஷில் மெயில் எழுதியிருந்தார். (இது நம் ஊர்களில் பல வீடுகளில் நடக்கிறது. கோபம் உச்சிக்குப் போனால் அப்பாக்களுக்கு இங்கிலீஷ் வந்துவிடும்.) நடுவில் ஒரு வரி: உன்னுடைய முடிவு சைல்டிஷ், நீ இம்மெச்சூர்.

கிராமர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ஆனா இத அனுப்பாதீங்க" என்றேன்.

"ஏன்? உள்ளதத்தானே எழுதியிருக்கேன்?"

ஏன் என்பதை அன்று பெஞ்சில் வைத்துச் சொல்லி முடிக்க முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது, பால் வாங்க வேண்டும் என்று எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் இங்கிலீஷ் எப்படி வந்தது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். பிரெவே முடித்து அரசு வேலைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். மீதியெல்லாம் ஃபைலில் கற்றுக்கொண்டதுதான். பழைய டிராஃப்ட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பிரெஞ்சுச் சொல்லும் இங்கிலீஷ் சொல்லும் ஒரே மாதிரி இருந்தால் மனசுக்குள் ஒரு சந்தோஷம், ஒரு சொல் மிச்சம் என்று. அந்தச் சந்தோஷம் ஆபத்தானது. பிரெஞ்சில் 'லிப்ரெரி' என்றால் புத்தகக் கடை, இங்கிலீஷில் லைப்ரரி என்றால் நூலகம். பிரெஞ்சில் ஒருவரை 'ஸான்ஸீப்ல்' என்றால் சட்டென்று மனம் நோகிறவர், இங்கிலீஷில் சென்சிபிள் என்றால் விவேகமுள்ளவர். இந்த மாதிரிச் சொற்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பொய் நண்பர்கள் என்பார்கள். இப்படிப்பட்ட ஒரு பொய் நண்பனால் ஒரு பையனுக்கு நான் செய்த கெடுதலைத்தான் சொல்லப் போகிறேன்.

1983 என்று நினைவு. எங்கள் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் இல்லை, பொறுப்பு என்னிடம் இருந்தது. எனக்கே அப்போது 35 வயதுதான். பிரிவில் புதிதாகச் சேர்ந்த கீழ்நிலை எழுத்தர் ஒருவர், பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன், 22 வயது. அந்த மாதிரி ஒரு பிள்ளையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்கள் ரெக்கார்டு ரூமில் பிரெஞ்சுக் காலத்துக் கட்டுகளும் பிற்காலத்து ஃபைல்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். உள்ளே போனால் தும்மல்தான். யாரும் சொல்லாமலே அவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் அந்த அறையிலேயே கிடந்தார். ஆண்டு வாரியாகப் பிரித்து, கனமான அட்டையை வெட்டிக் கார்டு போட்டு, எந்த ஃபைல் எந்த அலமாரியில் என்று எழுதி வைத்தார். சாயங்காலம் 6 மணிக்கு வாட்ச்மேன் போய்த் துரத்தினால்தான் வெளியே வருவார்.

வருஷக் கடைசியில் சி.ஆர். எழுதும் நேரம் வந்தது. இளைய வாசகர்களுக்காக: சி.ஆர். என்பது இரகசியக் குறிப்பு. ஒரு ஊழியரைப் பற்றி மேலே இருப்பவர் எழுதி, அதற்கு மேலே இருப்பவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பாராட்டினால் ஊழியருக்குத் தெரியாது. குறை சொன்னால் மட்டும் மெமோவாக வரும்.

அந்தப் பையனைப் பற்றி நல்லபடியாக எழுத வேண்டும் என்று மெனக்கெட்டேன். எனக்கு நல்ல வார்த்தை முதலில் பிரெஞ்சில்தான் வரும். 'ஆன்தூசியாஸ்ம் ழுவெனீல்' என்று வந்தது. இளமைக்கே உரிய உற்சாகம் என்று பொருள். பிரெஞ்சில் 50 வயதுக்காரரைப் பார்த்து அவரிடம் ழுவெனீல் ஏதோ ஒன்று இருக்கிறது என்றால் அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பார். இங்கிலீஷிலும் அதே சொல் இருக்கிறதே என்று, "வேலையை ஜூவனைல் என்தூசியாசத்தோடு செய்கிறார்" என்ற பொருளில் ஒரு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி.

மேலதிகாரி இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர். என் வரிக்குக் கீழே இரண்டு வாக்கியம் எழுதினார். ஒப்புக்கொள்கிறேன், இவர் இனியாவது வளர வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பையன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் மெமோ. இன்னொரு கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். ரோமன் ரோலன் நூலகத்துக்குப் போய் டிக்ஷனரி பார்த்து அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருளையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், நான் ஆபீஸ்ல என்ன விளையாட்டுத்தனமா நடந்துக்கிட்டேன்? ஒண்ணு சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

"தம்பி, அது பாராட்டுப்பா" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்கவில்லை. அந்தத் தாளை நீட்டினார். சிறுபிள்ளைத்தனமான, பக்குவமில்லாத என்று பென்சிலால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. ஊரிலிருந்து அவருடைய அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தடவை பையன் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வந்திருந்தார். ஏனோ அந்த நேரத்தில் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். அவரை முறையீடு எழுதச் சொன்னேன். நானும் தனியாக ஒரு குறிப்பு எழுதி, என் பிரெஞ்சு அகராதியில் அந்தச் சொல் உள்ள பக்கத்தைக் கையால் எழுதி இணைத்தேன். அதற்குள் மேலதிகாரி மாறிப் போய்விட்டார். புது அதிகாரிக்கு இதில் அக்கறை இல்லை. ஃபைல் அலைந்தது. அந்த வரியை நீக்க 14 மாதம் ஆயிற்று. அதுவரை அவருடைய பணி உறுதி ஆணை நின்றது. அவருக்குப் பின் சேர்ந்த இருவருக்கு முன்னதாகவே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் பணி மூப்பு எதைப் பார்த்து என்று அரசு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் கண்காணிப்பாளர் ஆனபோது அந்த இருவரும் அவருக்கு முன்னால் ஆகியிருந்தார்கள்.

அன்றிலிருந்து இந்தச் சொற்கள் மேல் எனக்கு ஒரு கண். இங்கிலீஷில் இளமையைச் சொல்ல எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். வயதைச் சொல்வது போல் வந்து தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போகும் சொற்களே அதில் அதிகம்.

சைல்டிஷ், சைல்ட்லைக் இரண்டும் அக்கா தங்கை மாதிரி. சைல்ட்லைக் என்றால் குழந்தை மனசு, கள்ளமில்லாதவர். சைல்டிஷ் என்றால் சிறுபிள்ளைத்தனம். கடைசி எழுத்துகள்தான் வேறு. 'இஷ்' வந்தாலே வசவு என்றும் சொல்ல முடியாது. பாயிஷ் என்பது பாராட்டு, 45 வயது நடிகருடைய சிரிப்பைப் பாயிஷ் என்பார்கள். கேர்லிஷ் என்றால் பாதிப் பாராட்டு, பாதிக் கேலி. பிரெஞ்சிலும் இந்தப் பிரிவினை உண்டு. 'ஆன்ஃபான்த்தேன்' என்றால் குழந்தைக்குரியது, அதில் கசப்பு இல்லை. 'ப்யுவெரீல்' என்றால் வசவு. அந்தச் சொல் இங்கிலீஷிலும் பியூரைல் என்று இருக்கிறது, அங்கேயும் வசவுதான். இந்த ஒரு சொல்லில் மட்டும் நண்பன் உண்மையான நண்பன்.

யங், யூத்ஃபுல் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞனைப் பார்த்து யாரும் யூத்ஃபுல் என்று சொல்வதில்லை. அது நமக்கு வைத்திருக்கும் சொல். யாராவது உங்களை யூத்ஃபுல் என்றால், உங்கள் வயதை அவர் கணக்குப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். 'யங் மேன்' என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தால் அடுத்து வருவது பெரும்பாலும் திட்டு.

டீனேஜர் எனக்குப் பிடித்த சொல், ஏனென்றால் அது வெறும் கணக்கு. 13 முதல் 19 வரை எண்களுக்கு இங்கிலீஷில் ஒரே வால் இருப்பதால் பிறந்தது. பிரெஞ்சில் அந்த மாதிரி வால் 11-ல் தொடங்கி 16-ல் முடிந்துவிடும். தமிழில் 12 பன்னிரண்டு என்று மாறிக்கொள்ளும், 19 பத்தொன்பது என்று நழுவிவிடும். நாம் பதின்பருவம் என்று ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். ஒட்டு பிடித்துக்கொண்டது, நல்லது. அடோலசென்ட் என்ற சொல்லும் கெட்டதில்லை. லத்தீனில் வளர்ந்துகொண்டிருப்பவன் என்று பொருள். அதே வினையில் வளர்ந்து முடிந்தவன் என்பதுதான் அடல்ட். முடிந்துவிட்டது என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்ஃபன்ட் என்பதன் மூலப் பொருள் பேச்சு வராதவன். ஆனால் பழைய இங்கிலீஷ் சட்டத்தில் 21 வயது நிரம்பாத எவனும் இன்ஃபன்ட்தான், மீசை வைத்திருந்தாலும் சரி. பேச வராதவன் என்பதைவிட, அவன் பேச்சு செல்லாது என்பதுதான் அதன் சட்ட அர்த்தம். மைனர் கதை நமக்கே தெரியும். சொத்தில் கை வைக்க முடியாத வயது என்பதற்கான சொல் தமிழுக்கு வந்து, ஜிப்பாவும் கழுத்தில் செயினுமாகச் சொத்தை அழிக்கிறவர் என்று ஆகிவிட்டது. மைனர் செயின் என்று நகைக் கடையில் இன்றும் கேட்கலாம்.

பாய் என்ற சொல்லைப் பற்றி எழுதினால் கோபம் வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பேரன் எடுத்த கறுப்பினத்தவரை வெள்ளைக்காரச் சிறுவன் பாய் என்று கூப்பிட்டான். நம் நாட்டுக் கிளப்புகளிலும் பங்களாக்களிலும் அதேதான். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காலனிகளில் வேலைக்காரரைக் கூப்பிட இந்த இங்கிலீஷ் சொல்லையே கடன் வாங்கினார்கள். சொந்தமாகக் 'கர்ஸோன்' வைத்திருந்தும் அது போதவில்லை போலும். இன்றும் நம் அலுவலகங்களில் 50 வயது ஆஃபீஸ் பாய் இருக்கிறார். நேவ் என்று பழைய இங்கிலீஷில் ஒரு சொல் உண்டு. ஆரம்பத்தில் பையன் என்றுதான் பொருள். பிறகு வேலைக்காரப் பையன், அதன் பிறகு அயோக்கியன். சீட்டுக்கட்டில் ஜாக்கிக்கு அதுதான் பழைய பெயர். பெலோத் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், துருப்பில் அந்த வாலேதான் ராஜாவையே வெட்டும். மொழியில் கிடைக்காத மரியாதை அவனுக்குச் சீட்டில் கிடைத்தது.

தமிழ் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், இல்லை. சங்க இலக்கியத்தில் விடலை என்றால் வீரன், தலைவன். இன்று விடலைப் பையன் என்றால் பஸ் ஸ்டாண்டில் நின்று சீட்டி அடிக்கிறவன். ழுவெனீல் கடல் தாண்டிப் போய்க் கெட்ட மாதிரி, விடலை வீட்டுக்குள்ளேயே இருந்து கெட்டான். பெண்களுக்கு ஏழு பருவம் வகுத்தார்கள். பேதை 5 முதல் 7, பெதும்பை 8 முதல் 11, மங்கை 12, 13, மடந்தை 14 முதல் 19, அரிவை 20 முதல் 25, தெரிவை 26 முதல் 31, பேரிளம்பெண் 32 முதல் 40. எவ்வளவு நுணுக்கம் என்று வாத்தியார் சிலாகிப்பார். என் மனைவி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "நாப்பதுக்கு மேல என்ன பேரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நான் சிலாகிப்பதை நிறுத்திவிட்டேன்.

அரசாங்கத்தின் கணக்கும் வேடிக்கைதான். தேசிய இளைஞர் கொள்கை 2003-ல் 13 முதல் 35 வரை இளைஞர். 2014-ல் 15 முதல் 29 வரை. 30 முதல் 35 வரை இருந்தவர்கள் ஒரே கையெழுத்தில் இளமையை இழந்தார்கள். கட்சிகளின் இளைஞர் அணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது தனி. பாரதியார் 1908-ல் நம் ஊருக்கு வந்தபோது அவருக்கு 25 வயது. முண்டாசும் மீசையும் பார்த்து நாம் பெரியவர் என்று நினைத்துக்கொள்கிறோம். இன்று 25 வயதில் ஒருவன் வேலையையும் ஊரையும் விட்டுவிட்டு, கவிதையும் பத்திரிகையும்தான் என் வழி என்று வந்து நின்றால் நம் பெஞ்சு அவனுக்கு என்ன பெயர் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூவனைலுக்குத் திரும்பி வருகிறேன். அந்தச் சொல் இங்கிலீஷில் எல்லா இடத்திலும் கெட்டது இல்லை. மீன்குஞ்சைப் பற்றி எழுதலாம், நாடகத்தில் இளம் கதாநாயகன் வேஷத்துக்குச் சொல்லலாம். ஒரு மனிதனின் நடத்தையோடு ஒட்டினால்தான் விஷம். அதைப் பெரிதாக்கியது கோர்ட்டு என்பது என் எண்ணம். 1899-ல் சிகாகோவில் ஜூவனைல் கோர்ட் வந்தது, பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்துத் தண்டிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் சொல்லின் மேல் குற்றத்தின் வாடை ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் 1986 சட்டப்படி 16 வயது நிரம்பாத பையனும் 18 வயது நிரம்பாத பெண்ணும் ஜூவனைல். 2000-ல் இருவருக்கும் 18 ஆக்கினார்கள். 2015 சட்டம், சட்டத்துடன் முரண்பட்ட ஜூவனைல் என்று இருந்ததைச் சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை என்று மாற்றியது. இதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. பிறகு தொடர்ந்து படித்தேன். 16 முதல் 18 வயதுக்குள் கொடிய குற்றம் செய்தவரைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் அதே சட்டத்தில்தான் வழி வைத்திருக்கிறார்கள். பெயர் மென்மையாயிற்று, கை கனமாயிற்று. ஆனாலும் பெயர் மாறியது நல்லது என்றே சொல்வேன். பெயரால் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று என் மேசைக்கு முன்னாலேயே பார்த்தவன் நான்.

என் கட்சி இதுதான். ஒருவர் செய்தது தப்பு என்றால் தப்பு என்று சொல்லுங்கள். அவசரம் என்றால் அவசரம் என்று சொல்லுங்கள். கணக்குப் பார்க்கவில்லை, கடனை யோசிக்கவில்லை, அம்மாவிடம் கேட்கவில்லை, எதுவோ அதைச் சொல்லுங்கள். அதற்கு அவன் பதில் சொல்ல முடியும். சைல்டிஷ் என்று சொன்னால் அவன் என்ன பதில் சொல்வான்? இல்லை, நான் பெரியவன் என்றா? அப்படிச் சொல்கிற நிமிஷத்திலேயே அவன் சின்னப் பையன் ஆகிவிடுகிறான். நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சொற்கள் பிடிப்பதற்குக் காரணமே, அதற்கு மேல் வாதாட வேண்டியதில்லை என்பதுதான். தச்சு வேலை ஏன் வேண்டாம் என்று என் நண்பரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "மரம் எவ்வளவு விலை விக்குதுன்னு அவனுக்குத் தெரியுமா?" என்றார். அதை எழுதுங்கள் என்றேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு மரத்தின் விலையைக் கேட்டு எழுதியிருக்கிறார். பையன் எக்ஸெலில் ஒரு கணக்கே அனுப்பிவிட்டானாம். அதில் நாலு தப்பு கண்டுபிடித்து இவர் பதில் போட்டிருக்கிறார். இன்னும் சம்மதிக்கவில்லை.

பாகூர்ப் பையனைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் நியாயமில்லை. அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். தலை முழுக்க நரை. பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார், தோட்டத்து வாழைக்காய் கொண்டுவருவார். நாற்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மெமோவைப் பற்றி அவர் பேசியதில்லை. இந்த வருஷம் நானாகவே கேட்டேன், "நீங்க சூப்பிரண்டு ஆனப்புறம் எத்தனை பேருக்கு சி.ஆர். எழுதியிருப்பீங்க? பசங்களப் பத்தி என்ன எழுதுவீங்க?"

காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் சார். ஹார்ட்வொர்க்கிங். சில பசங்க அதுக்கு மேல எவ்வளவோ இருந்தானுங்க. ஆனா வேற வார்த்தை எழுதறதுக்குப் பேனா வரல."